பொட்டலத்தில் எந்தப் பாதி வேலை செய்கிறது?

முதலில் உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் வேளச்சேரியில் குடியிருக்கிறீர்கள். மாடியில் பீர்க்கங்கொடி வைத்திருக்கிறீர்கள். ஐப்பசி மழைக்குப் பிறகு அதன் இலையெல்லாம் மஞ்சள் புள்ளி. மதுராந்தகம் பக்கத்தில் அப்பா சம்பா நெல்லும் அரை ஏக்கர் மிளகாயும் பார்த்துக்கொள்கிறார். மிளகாயில் பழம் அழுகுகிறது. மருந்துக்கடையில், "இதுல ரெண்டு மருந்து சேர்ந்திருக்கு சார், எந்தப் பூஞ்சை வந்தாலும் இதையே அடிங்க" என்று கார்பென்டாசிம் 12 சதம், மான்கோசெப் 63 சதம் சேர்ந்த தூளைக் கொடுத்திருக்கிறார்கள். இதை மாடிக்கும் வயலுக்கும் அடிக்கலாமா, இரண்டையும் தனித்தனியாக வாங்கி நாமே கலந்துகொண்டால் என்ன என்று கேட்கிறீர்கள்.

மாடிக்கு வேண்டாம். மிளகாய்க்கு ஓரளவு கேட்கும், ஆனால் அதைவிடப் பொருத்தமான கூட்டு மருந்துகள் இருக்கின்றன. நெல்லுக்கு, என்ன நோய் என்று பார்க்காமல் எதையும் சொல்ல மாட்டேன். முப்பது வருஷம் பயிர் நோய்களோடு கழித்தவன் என்ற முறையில், இப்படிப் பிரித்துச் சொல்வதன் காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். கூட்டு மருந்து என்றால் இரட்டிப்பு பலம் என்ற நம்பிக்கை நம் ஊரில் ஆழமாக வேரூன்றிவிட்டது. அதனால் வரும் நஷ்டத்தை வயல் வயலாகப் பார்த்திருக்கிறேன்.

பொட்டலத்தின் மேல் இருக்கும் எண்களை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். லிட்டருக்கு 2 கிராம் என்று கலக்கினால், அதில் மான்கோசெப் 1.26 கிராம், கார்பென்டாசிம் 0.24 கிராம். மான்கோசெப் 75 சதத் தூளைத் தனியாக வாங்கி அதே 2 கிராம் போட்டால் 1.5 கிராம் கிடைக்கும். கார்பென்டாசிம் 50 சதத் தூளைத் தனியாக 1 கிராம் போட்டால் அரை கிராம். ஆக, கூட்டு மருந்தில் இரண்டுமே தனியாக அடிக்கும் அளவைவிடக் குறைவு. கார்பென்டாசிம் பாதிக்கும் கீழே. உங்கள் நோய்க்கு இரண்டும் வேலை செய்தால் இந்தக் குறைவு ஒரு குறையே இல்லை, ஒன்று விட்டதை மற்றது பிடிக்கும். ஒன்று மட்டும்தான் வேலை செய்யும் என்றால், அளவு குறைந்த ஒற்றை மருந்தைக் கூட்டு மருந்தின் விலைக்கு வாங்கியிருக்கிறீர்கள்.

பிறகு ஏன் சேர்த்தார்கள்? இதற்குப் பின்னால் ஒரு கசப்பான அனுபவம் இருக்கிறது. 1970களின் பிற்பாதியில் மெட்டலாக்சில் என்ற மருந்து வந்தது. செடிக்குள் ஊடுருவி மேல்நோக்கி ஏறும், மழை கழுவ முடியாது, உருளைக்கிழங்கின் பின்பருவக் கருகலை அதுவரை எந்த மருந்தும் அடக்காத அளவுக்கு அடக்கியது. அதைத் தனியாகவே அடித்தார்கள். 1980லேயே அயர்லாந்திலும் நெதர்லாந்திலும் உருளை வயல்களில் அது கேட்கவில்லை. அதே காலத்தில் இஸ்ரேலில் வெள்ளரியின் அடிச்சாம்பல் நோயும் அதற்கு அசையாமல் நின்றது. உங்கள் பீர்க்கங்கொடியில் இருப்பதாக நான் நினைப்பதும் அந்த வெள்ளரி நோயின் கிருமிதான். அதன் பிறகு இலைவழித் தெளிப்புக்கு மெட்டலாக்சிலை மான்கோசெப்போடு கட்டிப்போட்டு விற்பதே வழக்கமாகிவிட்டது. இன்றைக்கு நம் கடையில் மெட்டலாக்சில் 8 சதம், மான்கோசெப் 64 சதம் என்று வருவது அந்த அடியிலிருந்து கற்ற பாடம்.

ஊடுருவும் மருந்துகளில் பெரும்பாலானவை கிருமியின் உடம்பில் ஒரே ஒரு இடத்தைத்தான் தாக்கும். கார்பென்டாசிம் செல் பிரியும்போது வேண்டிய ஒரு புரதத்தில் போய் ஒட்டும். டெபுகோனசோல், டைஃபெனோகோனசோல் போன்றவை எர்கோஸ்டெரால் என்ற கொழுப்புப் பொருளைச் செய்யவிடாமல் தடுக்கும். அசாக்சிஸ்ட்ரோபின் வகை மூச்சை நிறுத்தும். ஒரு பூட்டுக்கு ஒரு சாவி மாதிரி. கிருமி பரவ விடும் கோடிக்கணக்கான நுண்வித்துகளில் ஏதோ ஒன்றுக்குப் பூட்டு கொஞ்சம் மாறிப் பிறந்திருக்கும். நாம் மற்றதையெல்லாம் கொன்று அந்த ஒன்றுக்கு வயலைப் பட்டா போட்டுக் கொடுக்கிறோம். மான்கோசெப் சாவி தேடுவதில்லை. கிருமியின் பல நொதிகளை ஒரே நேரத்தில் கெடுக்கும். அத்தனையையும் ஒரே சமயத்தில் மாற்றிக்கொள்வது கிருமிக்கு எளிதல்ல, அதனால்தான் அறுபது வருஷமாக அடித்தும் அது பெரிதாகத் தோற்கவில்லை. ஆனால் அது இலைக்குள் போகாது. இலை மேல் உட்கார்ந்து காவல் காக்கும், அவ்வளவுதான். உள்ளே போனதைப் பிடிக்க ஊடுருவும் மருந்து, அந்த மருந்துக்குத் தப்பிப் பிறந்ததைக் கொல்ல மான்கோசெப். ஒருவருக்கொருவர் காவல். கூட்டு மருந்தின் முழு நியாயமும் இதில் இருக்கிறது.

இந்தக் காவல் எவ்வளவு அவசியம் என்பதற்கு இன்னொரு உதாரணம். ஐரோப்பாவில் பைன் மரக்காய்களின் மேல் முளைக்கும் ஒரு சின்னக் காளான், மற்ற பூஞ்சைகளை அண்டவிடாமல் ஒரு பொருளைச் சுரக்கிறது. அதைப் பார்த்து உருவாக்கியதுதான் ஸ்ட்ரோபிலூரின் குடும்பம். அசாக்சிஸ்ட்ரோபின், ட்ரைஃப்ளாக்சிஸ்ட்ரோபின் எல்லாம் அதன் பிள்ளைகள். பூஞ்சையை அடக்க இன்னொரு பூஞ்சையிடமே வழி இருந்தது என்பது எனக்கு இன்றும் வியப்பு. 1996இல் இந்தக் குடும்பத்தின் முதல் மருந்துகள் சந்தைக்கு வந்தன. 1998இலேயே ஜெர்மனியில் கோதுமைச் சாம்பல் நோய் அவற்றைத் தாங்கிக்கொண்டது. இரண்டே வருஷம்.

நோயின் பெயரில் நம்மவர்கள் வழுக்கி விழும் ஒரு இடம் உண்டு. தமிழில் சாம்பல் நோய் என்கிறோம், அடிச்சாம்பல் நோய் என்கிறோம். கேட்டால் அண்ணன் தம்பி போலத் தோன்றும். உண்மையில் இரண்டுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. சாம்பல் நோயை உண்டாக்குவது அசல் பூஞ்சை. இலையின் மேலே முகப்பவுடர் தூவிய மாதிரி இருக்கும், விரலால் துடைத்தால் வரும். அடிச்சாம்பல் நோயை உண்டாக்குவது ஊமைசீட்ஸ் என்ற வேறு வகையறா. பூஞ்சை போல இழை விடும், வித்து விடும், ஆனால் பூஞ்சை அல்ல. பழுப்புக் கடற்பாசிக்குத்தான் அது கிட்டத்துச் சொந்தம். எர்கோஸ்டெராலை அது செய்வதே இல்லை, ஆகவே டெபுகோனசோல் குடும்பம் அதன் மேல் செல்லாது. கார்பென்டாசிமும் செல்லாது. உருளையின் பின்பருவக் கருகல், நாற்றங்காலில் வரும் அழுகலில் ஒரு பெரும் பகுதி, முளைக்கீரையின் வெண்துரு, திராட்சையின் அடிச்சாம்பல் எல்லாம் இந்த வகையறாதான்.

இனி உங்கள் பீர்க்கங்கொடிக்கு வருகிறேன். நாளைக் காலை வெயில் ஏறும் முன் ஒரு இலையைத் திருப்பிப் பாருங்கள். மேலே மஞ்சள் புள்ளிகள் இலை நரம்புகளுக்கு நடுவில் கட்டம் கட்டின மாதிரி கோணலாக நின்று, அதே இடத்தில் அடியில் பனி ஈரத்தோடு சாம்பல் கலந்த ஊதா நிறப் பஞ்சு தெரிந்தால் அது அடிச்சாம்பல்தான். நீங்கள் எழுதியிருக்கும் விவரமும் மழைக்காலமும் அதையே காட்டுகின்றன. அப்படியென்றால் கடைக்காரர் கொடுத்த பொட்டலத்தில் கார்பென்டாசிம் பாதி சும்மா. "அசாக்சிஸ்ட்ரோபினும் டைஃபெனோகோனசோலும் சேர்ந்தது இன்னும் உசத்தி" என்று யாராவது சொன்னால் அது இன்னும் மோசம். டைஃபெனோகோனசோல் இந்தக் கிருமியைத் தொடாது. அசாக்சிஸ்ட்ரோபின் மட்டும் காவலில்லாமல் தனியாக நிற்கும். பெயருக்குத்தான் கூட்டு, நடப்பது ஒற்றை ஆட்டம். அடிச்சாம்பலுக்குப் பொருந்தும் கூட்டு, மான்கோசெப்போடு மெட்டலாக்சிலோ, சைமாக்சனில் என்ற இன்னொரு ஊடுருவும் மருந்தோ சேர்ந்தது.

"ஆனால் போன வருஷம் இதையே அடித்தேன், செடி தேறியதே" என்று பலர் என்னிடம் சொல்வதுண்டு. தேறியிருக்கும். மான்கோசெப் பாதி புதுத் தளிரைக் காப்பாற்றியிருக்கும். அதில் மாங்கனீசும் துத்தநாகமும் இருக்கின்றன. அந்தச் சத்து குறைந்த மண்ணில் இலை பச்சை கட்டும், பார்க்கத் தெம்பாக இருக்கும். அதற்குள் மழையும் நின்றிருக்கும். இந்த மூன்றும் செய்த வேலைக்குக் கார்பென்டாசிம் பெயர் வாங்கிக்கொண்டது.

மாடிக்கு வேண்டாம் என்று ஏன் சொன்னேன்? மெட்டலாக்சில் கூட்டு பொருந்தும் என்றால் அதை அடிக்கலாமே என்று கேட்பீர்கள். காய்க்கும் பீர்க்கங்கொடியில் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை காய் பறிக்கிறோம். தெளித்ததற்கும் பறிப்பதற்கும் நடுவில் விட வேண்டிய நாள்களை அங்கே கடைப்பிடிக்கவே முடியாது. மான்கோசெப் சிதைந்தால் எத்திலீன் தயோயூரியா என்ற பொருள் வரும், அது தைராய்டைப் பாதிக்கக்கூடியது, சமைக்கும் சூட்டில் இன்னும் கொஞ்சம் உண்டாகும். நாலு கொடிக்காக அந்தக் கவலை எதற்கு? பாதிப்பு அதிகமான இலைகளைக் கிள்ளிக் கட்டிப் போட்டுவிடுங்கள். அடி இலைகளை எடுத்துக் காற்று போக வழி விடுங்கள். தண்ணீரைக் காலையில் வேரில் மட்டும் ஊற்றுங்கள், மாலையில் இலைமேல் தெளிக்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள். இந்தக் கிருமி இலையுள் நுழைய ஈரப்படலம் வேண்டும். அதை நாமே ஏற்பாடு செய்து தரக்கூடாது. சூடோமோனாஸ் என்ற நல்ல பாக்டீரியாத் தூளை லிட்டருக்கு 5 கிராம் கரைத்து வடிகட்டி, வாரம் ஒருமுறை இலையின் அடிப்பக்கம் நனையும்படி தெளிக்கலாம். அது வந்த நோயை விரட்டாது, புது இலைகளுக்கு ஓரளவு பலம் கொடுக்கும். பாலைத் தண்ணீரில் கலந்து தெளிப்பதைப் பற்றி மாடித்தோட்டக்காரர்கள் நிறையப் பேசுகிறார்கள். 1999இல் பிரேசிலில் சீமைச்சுரைக்காயில் செய்த ஆய்வில் அது நன்றாகவே கேட்டது. ஆனால் அது சாம்பல் நோய்க்கு, உங்களுக்கு வந்திருக்கும் அடிச்சாம்பலுக்கு அல்ல. இங்கேயும் அந்தப் பெயர்க் குழப்பம்தான். கொடி ஏற்கெனவே பாதிக்கு மேல் காய்ந்திருந்தால் பிடுங்கிவிட்டுத் தை பிறந்ததும் புது விதை போடுங்கள். சென்னையில் அப்போது பனி இருந்தாலும் அடைமழை இருக்காது. கீரைத் தொட்டிகள் பக்கத்தில் இருந்தால் எந்தக் கூட்டு மருந்தையும் அந்த மாடிக்கே ஏற்றாதீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்கள் மாடித் தண்ணீர் வேளச்சேரி வடிகால்கள் வழியாகப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் போகிறது. அசாக்சிஸ்ட்ரோபின் போன்றவை தண்ணீரில் வாழும் உயிர்களுக்குக் கடும் விஷம். உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022இல் சேர்ந்த இடம் அது. ஸ்ப்ரேயர் கழுவிய தண்ணீரை அதில் சேர்க்க எனக்கு மனம் வராது.

அப்பாவின் மிளகாயில் கதை வேறு. பழத்தில் வட்டமாகக் குழிந்த புள்ளி, அதற்குள் கறுப்பு மணிகள் வளையம் வளையமாக இருந்தால் அது கொலட்டோட்ரைக்கம், அசல் பூஞ்சை. வெயில் பட்டு வெளுத்த காயமும் தூரப் பார்வைக்கு இப்படித் தோன்றும், அதில் மணிகள் இருக்காது. இந்தப் பூஞ்சைக்குக் கார்பென்டாசிமும் மான்கோசெப்பும் இரண்டுமே வேலை செய்யும். ஆனால் மிளகாயைத் தாக்கும் கொலட்டோட்ரைக்கத்தில் பல இனங்கள் உண்டு. அவற்றில் சில பிறவியிலேயே கார்பென்டாசிமுக்குச் சரியாக அடங்காதவை. அதனால் நான் சொல்வது, காய் பிடிக்கும் பருவத்தில் அசாக்சிஸ்ட்ரோபின் 18.2, டைஃபெனோகோனசோல் 11.4 சதம் கொண்ட திரவம், லிட்டருக்கு 1 மில்லி. அடிச்சாம்பலுக்கு நான் வேண்டாம் என்ற அதே கூட்டு இங்கே பொருந்துகிறது, ஏனென்றால் இரண்டு பாதியும் இந்தப் பூஞ்சையைத் தாக்கும். ஆனால் இரண்டுமே ஒற்றைப் பூட்டுச் சாவிகள், கூட மான்கோசெப் போன்ற பொதுக் காவல் இல்லை. ஆகவே ஒரு பருவத்தில் இரண்டு முறைக்கு மேல் வேண்டாம், நடுவில் ஒரு தெளிப்பு மான்கோசெப் மட்டும், லிட்டருக்கு 2 கிராம். இதையெல்லாம்விட முக்கியம், அழுகிய பழங்களைப் பொறுக்கி வெளியே கொண்டுபோய் எரிப்பது. மழைத்துளி தெறித்துத்தான் வித்து பக்கத்துச் செடிக்குப் போகிறது. பழத்தைக் காலடியில் போட்டுவிட்டு மேலே மருந்து அடிப்பது, குழாயைத் திறந்து வைத்துத் தரையைத் துடைக்கிற மாதிரி. அழுகிய பழத்தின் விதையை அடுத்த பட்டத்துக்கு எடுத்து வைக்கவே கூடாது, நோய் விதையோடு வரும்.

நெல்லைப் பற்றி எழுதும்போது என் சொந்தத் தவறு ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், புயல் மழைக்கு அப்புறம் இலை நுனியும் ஓரமும் மஞ்சளாகிக் காய்ந்த ஒரு வயலுக்குக் கூப்பிட்டார்கள். கருகல் என்று பார்த்ததும் இதே கார்பென்டாசிம், மான்கோசெப் கூட்டை எழுதிக் கொடுத்தேன். இரண்டு முறை அடித்தார் அந்தப் பெரியவர். ஒன்றும் நிற்கவில்லை. அது பாக்டீரியா இலைக்கருகல். கார்பென்டாசிம், மான்கோசெப் மாதிரிப் பூஞ்சைமருந்துகள் அதற்கு ஆகாது, எத்தனை சேர்த்தாலும் ஆகாது. அதைக் கண்டுபிடிக்க ஆய்வுக்கூடமே வேண்டாம். பாதித்த இலையைக் குறுக்கே நறுக்கி, நறுக்கிய முனையைக் கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீரில் முக்கி வெளிச்சத்தில் பிடித்தால், சில நிமிடத்தில் பால் போல ஒரு கசிவு இறங்கும். ஐந்து நிமிட வேலையை நான் செய்யாததால் அவர் இரண்டு தெளிப்புக்குக் காசு கொடுத்தார். அன்றிலிருந்து இலையைக் கையில் எடுக்காமல் மருந்தின் பெயர் சொல்வதில்லை. உங்கள் அப்பாவின் வயலில் அப்படிக் கசிவு வந்தால் மருந்தை விட்டுவிட்டு யூரியாவை நிறுத்தச் சொல்லுங்கள். 20 சதப் பசுஞ்சாணக் கரைசலை வடிகட்டித் தெளிக்கலாம்.

கசிவு வராமல், பூஞ்சையால் வரும் குலை நோயோ இலையுறைக் கருகலோ என்றால் டெபுகோனசோல் 50, ட்ரைஃப்ளாக்சிஸ்ட்ரோபின் 25 சதக் குருணை ஏக்கருக்கு 80 கிராம். இரண்டு பாதியும் இரண்டு நோய்க்கும் வேலை செய்யும். இலையுறைக் கருகல் தூரில், தண்ணீர் மட்டத்துக்கு மேலே ஆரம்பிக்கும். கதிரைப் பார்த்து அடித்தால் மருந்து அங்கே இறங்காது, நாசிலைத் தூருக்குத் திருப்ப வேண்டும். குலை நோய் கதிரின் கழுத்தைத் தாக்கும் கழுத்துக்குலைக்குக் கதிர் வெளிவரும் சமயத்திலேயே அடித்தாக வேண்டும். கழுத்து கறுத்து ஒடிந்த பிறகு அடிப்பதில் பயனில்லை.

தனித்தனியாக வாங்கிக் கலக்கலாமா என்ற கேள்விக்கு: கார்பென்டாசிமையும் மான்கோசெப்பையும் மட்டும் கலப்பதில் தப்பில்லை, அளவும் நம் கையில் இருக்கும். ஆனால் வயலில் நடப்பது அதோடு நிற்பதில்லை. பூச்சிமருந்து, டானிக், நுண்ணூட்டம் என்று ஐந்தாறை ஒரே டேங்கில் ஊற்றுகிறார்கள். தொழிற்சாலையில் சேர்த்த கூட்டு, இரண்டும் ஒத்துப்போகிறதா என்று சோதித்து, மத்தியப் பூச்சிக்கொல்லி வாரியத்தின் பதிவுக் குழு பயிர் வாரியாக, நோய் வாரியாக அனுமதித்தது. டேங்க் கலவைக்கு அந்த உத்தரவாதம் இல்லை. கலந்தே ஆக வேண்டும் என்றால் பாதித் தண்ணீரில் முதலில் தூள், அது நன்றாகக் கரைந்தபின் திரவம், பிறகு மீதித் தண்ணீர். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோக் கலவை, சுண்ணாம்பு சேர்ந்த வேறு எதனோடும் மான்கோசெப்பைச் சேர்க்கக் கூடாது. கரைத்ததை அன்றே அடித்து முடிக்க வேண்டும். டிரைக்கோடெர்மா போட்ட நிலத்தில் கார்பென்டாசிம் ஊற்றுவது, நாமே வளர்த்த நல்ல பூஞ்சையை நாமே கொல்வது. சிலர் டெபுகோனசோல் வகையைப் பத்து நாளுக்கு ஒருமுறை அடிக்கிறார்கள். இலை கரும்பச்சையாகிச் செடி குட்டையாக நின்றுவிடும். மாமரத்தில் பூக்க வைக்க ஊற்றும் பேக்லோபியூட்ரசாலும் இதே குடும்பம்தான் என்பதை நினைத்தால் காரணம் புரியும்.

மழை விஷயத்தில் ஒன்று. வடகிழக்குப் பருவமழையில் நம் பக்கம் ஒரே இரவில் பத்துச் சென்டிமீட்டர் கொட்டும். அந்த மழை மான்கோசெப்பைக் கழுவிக்கொண்டு போய்விடும், உள்ளே போன ஊடுருவும் மருந்து மட்டும் இலையில் இருக்கும். அதாவது காவல் போய்விட்டது, ஒற்றைச் சாவி மட்டும் மிச்சம். கிருமிக்கு எதிர்ப்புச் சக்தி வளர இதைவிட வசதி கிடையாது. பெருமழைக்குப் பின் மறுபடி தெளிக்க வேண்டி வந்தால் மான்கோசெப்பை மட்டும் தனியாக அடிப்பது நல்லது. வானிலை மையம் மழை சொல்லியிருந்தால் அதற்கு முன் மழையில்லாத நேரத்தில், இலை ஈரம் காய்ந்தபின், ஒட்டுத்திரவம் சேர்த்து அடித்துவிட வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியம் 2020 கடைசியில் மான்கோசெப்புக்கு அனுமதியைப் புதுப்பிக்க மறுத்துவிட்டது. கருவுக்கும் ஹார்மோன்களுக்கும் கேடு என்பது காரணம். இங்கே இன்னும் விற்பனையில் இருக்கிறது. அடிக்கும் ஆளுக்கு முகமூடி, கையுறை, முழுக்கைச் சட்டை இல்லாமல் அப்பா ஸ்ப்ரேயரைத் தூக்கவோ தூக்கச் சொல்லவோ கூடாது. தூளைக் கரைக்கும் நேரம்தான் அதிகம் மூக்கில் ஏறும். அளக்கக் கரண்டி வேண்டாம், சின்ன எலக்ட்ரானிக் தராசு வாங்கிக் கொடுங்கள். பொட்டலத்துக்குள் மடித்து வைத்திருக்கும் துண்டுச்சீட்டைப் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதில் பயிர் பெயரும் நோய் பெயரும் காத்திருக்க வேண்டிய நாள்களும் இருக்கும். உங்கள் பயிர் அதில் இல்லையென்றால் அந்தப் பொட்டலம் உங்களுக்கானது அல்ல. தொகுதி எண்ணோடு பில்லும் கேட்டு வாங்குங்கள்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, தெளிக்கும் முன்பே, புதிதாக நோய் பிடித்த மிளகாய்ப் பழம் நாலைந்தும் நெல் தூர் ஒன்றும் எடுத்து வாருங்கள். காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்தில் காட்டலாம். உங்களுக்குப் பக்கம் என்றால் கிண்டியில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தகவல் பயிற்சி மையம் இருக்கிறது. முழுதும் அழுகியது வேண்டாம், பாதி பச்சையும் பாதி நோயுமாக இருப்பது வேண்டும். செய்தித்தாளில் சுற்றிக் காகித உறையில் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டுப் பஸ்ஸில் கொண்டுவந்தால் தாம்பரம் வருவதற்குள் வேர்த்து அழுகிவிடும், அதற்குப் பிறகு எது வயலில் வந்த நோய், எது பையில் வந்த அழுகல் என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.